18 மி.மீ.யிலிருந்து 23 மி.மீ.க்கு: பழைய ட்ராம்போனுக்கு மவுத்பீஸ் பொருத்திய அனுபவம்

பெட்டியைத் திறந்ததும் ட்ராம்போன் இருந்தது, குழாயை இழுத்து இழுத்து வாசிக்கும் பித்தளை ஊதுவாத்தியம். உதடு வைத்து ஊதும் மவுத்பீஸுக்கான குழி காலி. வாசிப்பதை நிறுத்திவிட்ட ஒருவரிடமிருந்து வந்த வாத்தியம் அது. பெல் என்ற விரிந்த புனல் பகுதியில் பொறித்த எழுத்து பாதிக்கு மேல் தேய்ந்துபோயிருந்தது. ஸ்லைடு என்ற இழுகுழாய் மட்டும் அருமையாக ஓடியது, விரலால் தொட்டாலே நழுவியது. இவ்வளவு நல்ல ஸ்லைடு உள்ள பழைய வாத்தியம் கிடைப்பது கடினம். அதனால் இதை எப்படியாவது ஒழுங்காக வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

என்னிடம் ஏற்கெனவே இருந்த 6½ஏஎல் என்ற அளவு மவுத்பீஸைச் செருகினேன். சிறிய ஷாங்க் (தண்டு) வகை. மெல்லிய துளை கொண்ட பழைய டெனார் ட்ராம்போன் என்றால் சிறிய ஷாங்க்தானே, அப்படியே உட்கார்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். உட்காரவில்லை. பாதித் தண்டு வெளியே நின்றது, விரலால் தட்டினால் ஆடியது. ஊதிப் பார்த்தால் கீழ் சுரங்கள் சுமாராக வந்தன. மேலே போகப் போகச் சத்தம் அடைபட்ட மாதிரி ஆனது. முதல் நிலையில் மேல் பி ஃபிளாட், நடு பி ஃபிளாட்டோடு ஒப்பிட்டால் 15 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்வாக நின்றது. மற்ற நிலைகளில் என்றால் ஸ்லைடைக் கொஞ்சம் உள்ளே இழுத்துச் சரிக்கட்டலாம். முதல் நிலையில் ஸ்லைடு ஏற்கெனவே முழுக்க உள்ளே இருக்கிறது, இதற்கு மேல் எங்கே இழுப்பது?

இங்கே ஷாங்க் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். மவுத்பீஸின் கிண்ணத்துக்குக் கீழே நீளும் தண்டுதான் ஷாங்க். அது போய் உட்காரும் வாய் ரிசீவர். ட்ராம்போனில் ரிசீவர் என்பது பெரும்பாலும் தனிப் பாகம் அல்ல. லீட்பைப் என்ற மெல்லிய குழாயின் தலைப்பகுதியே ரிசீவராகிறது. ஷாங்கில் பரவலாக இரண்டு அளவுகள் உண்டு. சிறியதன் நுனி 11 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், பெரியதன் நுனி 12 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். சில பழைய யூஃபோனியங்களில் இரண்டுக்கும் நடுவே இன்னொரு அளவும் உண்டு. ஒரே எண் கொண்ட மவுத்பீஸ் இரண்டு ஷாங்கிலும் வரும் என்பதுதான் பலரையும் குழப்புகிறது. 6½ஏஎல் என்ற பெயரில் சிறியதும் இருக்கிறது, பெரியதும் இருக்கிறது. டெனிஸ் விக் நிறுவன மவுத்பீஸ்களில் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும்: 6பிஎஸ் சிறியது, 6பிஎல் பெரியது. எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் கிண்ணம் சரியாக இருக்கும், தண்டு பொருந்தாது.

என்னிடம் இருந்தது சிறியதுதான், அதில் சந்தேகமில்லை. அப்படியிருந்தும் ஏன் உட்காரவில்லை என்பதற்கு விடை தண்டின் சரிவில் இருந்தது.

ஷாங்க் நேர்க்குழாய் அல்ல, நுனியை நோக்கிச் சன்னமாகிக்கொண்டே போகும். இன்றைய மவுத்பீஸ்களில் வழக்கமான சரிவு, இயந்திரக்காரர்கள் மோர்ஸ் டேப்பர் 0 என்று சொல்லும் சரிவோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு 1 மி.மீ. நீளத்துக்கும் விட்டம் 0.052 மி.மீ. மாறும். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. விட்டத்தில் 0.05 மி.மீ. வித்தியாசம் என்பது ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். அது மவுத்பீஸை ஏறக்குறைய 1 மி.மீ. உள்ளேயோ வெளியேயோ தள்ளிவிடும். கண்ணுக்கே தெரியாத களிம்பும் நுனியில் சின்னச் சொட்டையும் இவ்வளவு தொல்லை தருவது இதனால்தான். வழக்கமாகத் தண்டு 25 மி.மீ. வரை உள்ளே போக வேண்டும். என்னுடையது 13 மி.மீ. போய் நின்றுவிட்டது.

ஆழத்தை அளப்பது எளிது. மவுத்பீஸைச் செருகி லேசாகத் திருகி, ரிசீவரின் விளிம்பு தொடும் இடத்தில் மெல்லிய பேனாவால் சுற்றிலும் கோடு போட வேண்டும். வெளியே எடுத்து நுனியிலிருந்து கோடு வரை வெர்னியர் காலிப்பரால் அளந்தால் போதும்.

மவுத்பீஸில் கை வைப்பதற்கு முன் ட்ராம்போனைப் பற்றி இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொண்டேன். லீட்பைப் உள்ளே இருக்கிறதா என்பது முதலாவது. பழுது பார்க்கும்போது அதைக் கழற்றி எறிந்துவிட்ட பழைய வாத்தியங்கள் உண்டு. அப்படியானால் மவுத்பீஸ் மிக ஆழமாக விழும். என்னுடையதில் விளக்கு அடித்துப் பார்த்தபோது குழாய் உள்நோக்கிக் குறுகுவதும் பிறகு விரிவதும் தெரிந்தது, லீட்பைப் இருக்கிறது. இரண்டாவது, வாத்தியம் எந்தச் சுருதிக்குச் செய்யப்பட்டது என்பது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர் சுருதி, தாழ் சுருதி என இரண்டு வகையும் விற்றார்கள். பழைய அமெரிக்க வாத்தியங்களில் எச்.பி., எல்.பி. என்று முத்திரை இருக்கும். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் 1960களின் நடுப்பகுதி வரை ஏ சுரம் 452 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதியிலேயே வாசித்தன. அப்படிப்பட்ட வாத்தியத்தில் எந்த மவுத்பீஸைப் போட்டாலும் இன்றைய வழக்கமான 440க்கு ஒத்துவராது. என்னுடையது, சுருதி சேர்க்கும் ட்யூனிங் ஸ்லைடை 2 செ.மீ. வெளியே இழுத்தால் 440இல் நின்றது. சரி, மேலே போகலாம்.

முதல் வேலை சுத்தம் செய்வது. உள் ஸ்லைடைத் தனியே எடுத்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் ரிசீவர் பக்கத்தை நனைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்தேன். வந்த தண்ணீர் பச்சையாக இருந்தது. பிடிவாதமாக நின்ற களிம்பை வினிகரில் நனைத்த பஞ்சை மரக்குச்சியில் சுற்றிச் சில நிமிடங்கள் வைத்துத் துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் அலசினேன். அமிலம் பித்தளையில் நீண்ட நேரம் நிற்கக் கூடாது. கத்தியோ திருப்புளியோ உள்ளே விட்டுச் சுரண்டவே கூடாது, ஒரு கீறல் விழுந்தால் அதன் வழியே காற்று கசியும். சுத்தம் செய்த பிறகு ஆழம் 15 மி.மீ. வெறும் அழுக்குக்கே 2 மி.மீ. போயிருந்தது.

அடுத்துச் செய்த சோதனையைத்தான் எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். செலவில்லாதது, பத்து நிமிடம்கூட ஆகாது. ஷாங்கின் வெளிப்புறத்தில், நுனியில் தொடங்கி கிண்ணத்தை நோக்கி நான்கு நெடுங்கோடுகளை மார்க்கர் பேனாவால் சம இடைவெளியில் போட வேண்டும். மை காய்ந்ததும் மவுத்பீஸைச் செருகி, அழுத்தாமல் கால் சுற்றுத் திருப்பி எடுக்க வேண்டும். உலோகம் உலோகத்தைத் தொட்ட இடத்தில் மை அழிந்திருக்கும், தொடாத இடத்தில் அப்படியே இருக்கும்.

நான்கு கோடுகளும் செருகிய நீளம் முழுக்க ஒரே மாதிரி அழிந்திருந்தால் சரிவு ஒத்துப்போகிறது என்று அர்த்தம், குறை இருந்தால் விட்டத்தில் மட்டும்தான். ரிசீவர் வாயை ஒட்டிய மேல் பகுதி மட்டும் அழிந்து நுனியில் மை நின்றால், ஷாங்கின் சரிவு ரிசீவரின் சரிவைவிடச் செங்குத்தானது. வாயில் இறுகும், உள்ளே நுனி காற்றில் தொங்கும். பழைய கான் 88எச் போன்ற ட்ராம்போன்களில் இன்றைய பெரிய ஷாங்க் மவுத்பீஸைப் போட்டால் இந்த அடையாளம் வரும். அவற்றின் ரிசீவர் ரெமிங்டன் என்ற தனிச் சரிவில் செய்யப்பட்டது. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் இசைப் பள்ளியில் 1922 முதல் 1971இல் இறக்கும் வரை ட்ராம்போன் கற்பித்த எமரி ரெமிங்டனின் பெயரால் வந்த மவுத்பீஸுக்கான சரிவு அது. மோர்ஸ் சரிவைவிடச் சற்று மெதுவாகக் குறுகும். அங்கே விட்டத்தைக் குறைத்துப் பயனில்லை. ரெமிங்டன் ஷாங்க் உள்ள மவுத்பீஸைத் தேட வேண்டும், அல்லது சரிவையே மாற்றிக் கடைய வேண்டும்.

எனக்கு வந்தது இந்த இரண்டும் அல்ல. நான்கு கோடுகளில் எதிரெதிரான இரண்டு மட்டும், அதுவும் நுனியை ஒட்டிய 3 மி.மீ.யில் அழிந்திருந்தன. மற்ற இரண்டும் தொடாமலே இருந்தன. நுனி வட்டமாக இல்லை என்பது உடனே புரிந்தது. காலிப்பரை வைத்தேன்: ஒரு பக்கம் 11.30 மி.மீ., அதற்குக் குறுக்கே 10.98. எப்போதோ கீழே விழுந்து நுனி நீள்வட்டமாகியிருக்கிறது. என் மற்ற ட்ராம்போனில் இதே மவுத்பீஸை ஆண்டுக்கணக்கில் வாசித்திருக்கிறேன். அந்த ரிசீவர் கொஞ்சம் தளர்வானது, அதனால் தெரியவே இல்லை.

இதற்கென்றே கூம்பு வடிவ எஃகு மேண்ட்ரல் உண்டு. அதை நுனித் துளைக்குள் விட்டு, கனமில்லாத தோல் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொடுத்தால் நுனி பழைய வட்டத்துக்குத் திரும்பும். அவசரப்பட்டு மேண்ட்ரலை ஓங்கி அடித்தால் நுனி புனல் மாதிரி விரிந்துவிடும், பிறகு அது எந்த வாத்தியத்திலும் உட்காராது. நான் அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன். எல்லாப் பக்கமும் 11.14 வந்ததும் நிறுத்தினேன். ஆழம் 18 மி.மீ. ஆடுவதும் நின்றுவிட்டது. மறுபடி மார்க்கர் சோதனை செய்தேன். நான்கு கோடுகளும் நுனி முதல் வாய் வரை சீராக அழிந்திருந்தன. அந்தக் கோடுகளைப் பார்த்தபோது கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது. சரிவு ஒன்றுதான். இனி இருப்பது வெறும் விட்டக் கணக்கு.

ரிசீவர் வாயின் உள் விட்டத்தைக் காலிப்பரின் உள் தாடையால் பல பக்கமும் அளந்தேன்: 12.08. அதிலிருந்து ஷாங்க் நுனியின் விட்டத்தைக் கழித்து 0.052ஆல் வகுத்தால் மவுத்பீஸ் எவ்வளவு ஆழம் போகும் என்று தெரிந்துவிடும். 12.08 கழித்தல் 11.14, 0.94. வகுத்தால் 18. அளந்த ஆழமும் 18தான். இந்தக் கணக்கு மவுத்பீஸ் வாங்கும்போதும் உதவும். விற்பவரிடம் நுனி விட்டத்தை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டால், வாங்குவதற்கு முன்பே ஆழத்தைச் சொல்லிவிடலாம். இதே மவுத்பீஸ் 25 மி.மீ. போக வேண்டுமானால் வாய் 12.44 இருக்க வேண்டும். என் பழைய ட்ராம்போனின் வாய் 0.36 மி.மீ. குறுகல். அது செய்யப்பட்ட காலத்தில் அதற்கென்று சன்னமான ஷாங்க் கொண்ட மவுத்பீஸ் கூடவே வந்திருக்க வேண்டும்.

ஒருவர் ரிசீவரைக் குடைந்து பெரிதாக்கிவிடலாம் என்றார். மோர்ஸ் 0 ரீமர் என்ற குடையும் கருவியை உள்ளே விட்டு நான்கு சுற்றுச் சுற்றினால் முடிந்தது என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லீட்பைப்பின் சுவர் மெல்லியது, பழைய பித்தளை எங்கே அரிக்கப்பட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்த லீட்பைப் கெட்டால் அதே வடிவில் இன்னொன்று கிடைக்காது, மவுத்பீஸ் ஆயிரக்கணக்கில் கிடைக்கும். கத்தி படுவதென்றால் மவுத்பீஸில் படட்டும்.

ஷாங்கின் நுனியை 7 மி.மீ. வெட்டிவிட்டால் உள்ளே போகுமே என்று இன்னொருவர் கேட்டார். போகாது. தண்டு இறுகுவது அதன் பக்கங்கள் ரிசீவரின் விட்டத்தோடு பொருந்துவதால்தான், நுனி முட்டுவதால் அல்ல. நுனியை வெட்டினால் தண்டு அதே இடத்தில்தான் நிற்கும், உள்ளே வெற்றிடம் மட்டும் 7 மி.மீ. கூடும்.

ஆக, ஷாங்கைக் கடைவதுதான் வழி. நல்ல 6½ஏஎல்லைத் தொட மனமில்லை. அதே அளவில், அதே நுனி விட்டத்தில், முலாம் தேய்ந்த இன்னொரு மவுத்பீஸ் கிடைத்தது. நுனியில் சுவரின் தடிமனை அளந்தேன், 0.7 மி.மீ. விட்டத்தில் 0.36 எடுத்தால் பக்கத்துக்கு 0.18 குறையும், 0.5க்கு மேல் மிஞ்சும். கடையலாம்.

லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருக்கும் நண்பரிடம் போனேன். “எவ்வளவு எடுக்கணும்னு எண்ணைச் சொல்லு, மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்றார். எண்ணோடு கூடவே நானும் பக்கத்தில் நின்றேன். கிண்ணத்தின் விளிம்பில் கீறல் விழாமல் இருக்கச் செப்புத் தகடு சுற்றி, லேத்தின் பிடியான சக்கில் பிடித்தோம். நுனித் துளைக்குள், தாங்கிப் பிடிக்கும் சுழலும் சென்டரைத் தொட்டும் தொடாமலும் வைத்தோம், இறுக்கினால் மெல்லிய சுவர் விரிந்துவிடும். நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் இண்டிகேட்டரை ஷாங்கின் மேல் வைத்துக் கையால் சுற்றிப் பார்த்து, முள் 0.02 மி.மீ.க்குள் ஆடும் வரை திருத்தினோம். இதற்கே ஒரு மணி நேரம் போனது. முக்கியமான வேலை இதுதான், கடைவது ஐந்து நிமிடம்.

சரிவுக் கோணத்தை அளவுகோலில் வைக்க நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்குப்படி அச்சிலிருந்து 1.49 பாகை சாய்க்க வேண்டும், ஆனால் வெட்டும் முனையைச் சாய்வாக நகர்த்தும் காம்பவுண்ட் ஸ்லைடின் அளவுக் கோடுகளில் அவ்வளவு நுணுக்கம் இல்லை. அதற்குப் பதில் இண்டிகேட்டரைக் காம்பவுண்ட் ஸ்லைடில் பொருத்தி, ஷாங்கின் நீளத்துக்கு முன்னும் பின்னும் ஓட்டினார். முள் அசையாமல் நிற்கும் வரை ஸ்லைடைச் சாய்த்து இறுக்கினார். இருக்கிற சரிவையே பிரதி எடுக்கும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மார்க்கர் சோதனையில் சரிவு சரி என்று முன்பே தெரிந்ததால்தான் இப்படிச் செய்ய முடிந்தது. வெட்டும் முனை மையத்தின் உயரத்தில் துல்லியமாக இருக்க வேண்டும், மேலேயோ கீழேயோ போனால் சரிவு வளைந்துவிடும்.

முதலில் விட்டத்தில் 0.10 மி.மீ. மட்டும் எடுத்தோம். மவுத்பீஸைச் சக்கிலிருந்து கழற்ற முடியாது, கழற்றினால் திருத்திய மையம் போய்விடும். அதனால் ட்ராம்போனின் உள் ஸ்லைடைக் கொண்டுபோய் ஷாங்கின் மேல் மெதுவாக ஏற்றி அளந்தோம். 20 மி.மீ. கணக்கு சொன்னது போலவே 2 மி.மீ. இறங்கியிருந்தது. இன்னொரு 0.10, 22 மி.மீ. இங்கே கழற்றி ஊதிப் பார்க்கிறேன் என்றேன். மறுபடி மையம் திருத்த இன்னொரு மணி நேரம் ஆகும் என்று தெரிந்தும் நண்பர் மறுக்கவில்லை, அதற்காக அவருக்குப் பெரிய நன்றி.

22இல் மேல் பி ஃபிளாட் 7 சென்ட் தாழ்வு. அடைபட்ட உணர்வு பெரும்பாலும் போயிருந்தது. வெளியே நின்ற தண்டின் நீளத்தால் மட்டும் இவ்வளவு மாற்றம் வராது. பி ஃபிளாட் ட்ராம்போனின் குழல் ஏறக்குறைய 2.7 மீட்டர், அதில் 10 மி.மீ. கூடினால் 6 சென்ட் தாழும், அதையும் ட்யூனிங் ஸ்லைடால் திருத்திவிடலாம். ட்யூனிங் ஸ்லைடால் திருத்த முடியாதது சுரங்களுக்கிடையேயான உறவு. மவுத்பீஸ் பக்கத்தில் கொள்ளளவு கூடினால் கீழ் சுரங்கள் கொஞ்சமாகவும் மேல் சுரங்கள் அதிகமாகவும் தாழும். என் வாத்தியத்தில் நடந்தது அதுதான்.

மறுபடி லேத்தில் ஏற்றி இன்னும் 0.05 எடுத்தோம், 23 மி.மீ. மேல் பி ஃபிளாட் 5 சென்ட் தாழ்வு, உதட்டாலேயே திருத்திக்கொள்ளலாம். சுரங்கள் தொட்டதும் பட்டென்று பிடித்தன. 25 வரை போக வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது குறித்து வைத்திருந்தேன், ஆனால் இங்கேயே நிறுத்தச் சொன்னேன். 25 என்பது வழக்கமான அளவு, இந்த வாத்தியத்தின் அளவு எதுவென்று காதுதான் சொல்ல வேண்டும். உலோகத்தை இன்னொரு நாளும் எடுக்கலாம்.

என் காது ஆசையால் ஏமாறுகிறதோ என்ற சந்தேகம் வீட்டுக்கு வந்ததும் எழுந்தது. ஷாங்கைச் சுற்றி ஒரே சுற்று எழுதும் தாளைச் சுற்றினேன். 0.1 மி.மீ. தாள் விட்டத்தில் 0.2 கூட்டும், மவுத்பீஸ் 4 மி.மீ. வெளியே வந்து 19இல் நின்றது. தாள் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரைச் செருகித் தரச் சொல்லி, பார்க்காமல் வாசித்தேன். ஆறு முறையும் சரியாகச் சொல்ல முடிந்தது. மவுத்பீஸ் அளவுக்கு மீறி ஆழமாக விழுகிற வாத்தியங்களுக்கும் இந்தத் தாள் நல்ல சோதனைக் கருவி. தாளோடு வாசித்து நன்றாக இருந்தால் மட்டும் நிலையான வழியைத் தேடலாம். சிறிய ஷாங்கைப் பெரிய ரிசீவரில் போட உறை மாதிரியான அடாப்டர் கிடைக்கிறது. பெரிய ஷாங்கைச் சிறிய ரிசீவரில் போட அப்படி ஓர் உறை உதவாது.

கடைந்த இடத்தை 600, பிறகு 1000 எண் உப்புத்தாளால் லேசாக ஒரு முறை மட்டும் தேய்த்தேன். மேலும் தேய்த்தால் அளவு மாறிவிடும். வெள்ளி முலாம் போய்ப் பித்தளை தெரிகிறது. உதடு படாத இடம் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். புதிதாகக் கடைந்த ஷாங்க் ஆப்பு போல இறுகிக்கொள்ளும். அதனால் வாசித்து முடித்ததும் உடனே கழற்றிவிடுகிறேன், செருகும்போது உள்ளங்கையால் தட்டுவதே இல்லை. சிக்கிக்கொண்டால் மவுத்பீஸ் புல்லர் என்ற கழற்றும் கருவி மட்டும்தான். குறடு வைத்துத் திருகினால் லீட்பைப்பின் ஈயப் பற்று பிய்த்துக்கொண்டு வரும்.

பெட்டியின் மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அடுத்து இந்த ட்ராம்போன் யார் கைக்குப் போனாலும் அவருக்குத் தேவைப்படும்: ரிசீவர் வாய் 12.08, ஷாங்க் நுனி 10.89, ஆழம் 23, சரிவு மோர்ஸ் 0, ரிசீவரைக் குடைய வேண்டாம்.